மஞ்சளையும் ஆரஞ்சையும் ஒட்டினா என்ன ஆகும்? சிங்கிள் மோடும் மல்டிமோடும் சேர்ற இடம்

தேனி மாவட்டம் கம்பம் ஊர்ல இருந்து கேரளா பக்கம் குமுளி, வண்டன்மேடு, நெடுங்கண்டம்னு ஃபைபர் வேலைக்குப் போற பசங்க யார்கிட்ட வேணா கேட்டுப் பாருங்க, வேலைக்குச் சேர்ந்த புதுசுலயே சொல்லிக் குடுத்திருப்பாங்க, மஞ்சளையும் ஆரஞ்சையும் சேர்க்காதடான்னு. மஞ்சள் பேட்ச் கார்டு (ரெண்டு முனைலயும் கனெக்டர் வச்ச குட்டைக் கேபிள்) சிங்கிள் மோடு, ஆரஞ்சு மல்டிமோடு, கொஞ்சம் புது சரக்கா இருந்தா ஆரஞ்சுக்கு பதிலா இளநீலம். ஏன் சேர்க்கக் கூடாதுன்னு கேட்டா "லைட் வராது", அவ்ளோதான் பதில். அது பாதிதான் சரி. ஒரு திசைல லைட் ஜம்முனு வரும், எதிர்த்திசைலதான் செத்துப்போகும். அதுலயும் ஒரு விசேஷம் என்னன்னா, சென்சார் பண்றவங்க இதே ரெண்டையும் வேணும்னே ஒட்டுறாங்க. நம்ம ஆளுங்க எந்த லாஸ, அதாவது வீணாப் போற லைட்ட, பார்த்து பயப்படுறாங்களோ அந்த லாஸ்தான் அவங்களுக்கு அளவுகோலே.

முதல்ல குழப்பம் எங்க வருதுன்னு பார்ப்போம். வெளிய பார்த்தா ரெண்டும் ஒண்ணுதான். கண்ணாடியோட மொத்த விட்டம் ரெண்டுலயும் 125 மைக்ரான், மேல பூசின கோட்டிங்கோட சேர்த்தா 250. அதனால உரிக்கற ஸ்ட்ரிப்பர், வெட்டற கிளீவர், ஒட்டுற ஸ்ப்ளைசிங் மெஷின் எல்லாமே பொது. வித்தியாசம் நடுவுல லைட் ஓடற கோர்ல மட்டும்தான். சிங்கிள் மோடுல அது 8, 9 மைக்ரான். மல்டிமோடுல 50, பழைய சரக்குன்னா 62.5. கேபிளுக்குள்ள கலரப் பார்த்தும் கண்டுபிடிக்க முடியாது, ஏன்னா உள்ள ஃபைபருக்கு நீலம், ஆரஞ்சு, பச்சை, பிரவுன்னு போற பன்னெண்டு கலர் வரிசை ரெண்டுக்கும் ஒண்ணுதான், வெளில இழுக்கற கேபிளோட உறையோ பெரும்பாலும் கருப்பு. உறை மேல அச்சடிச்சிருக்கறதப் படிச்சாத்தான் தெரியும், ஏலத்தோட்டத்து மழைல வருஷக்கணக்கா ஊறின கேபிள்ல அந்த அச்சு எங்க இருக்கும். மெஷின்ல வச்சா அது பாட்டுக்கு ஒட்டிடும், திரைல 0.02 டிபி லாஸ்னு கூட காட்டும் (லைட் எவ்வளவு குறையுதுன்னு சொல்ற அளவு டிபி, 3 டிபின்னா பாதி போச்சு). அது கேமரா படத்தப் பார்த்து மெஷின் போடற கணக்கு, லைட்ட விட்டு அளந்தது இல்ல.

ஏன் ரெண்டு வகை வந்துச்சுன்னா, ஆரம்பத்துல 9 மைக்ரான் கோர நேருக்கு நேர் வச்சு ஒட்ற அளவுக்கு கருவிகள் கைக்கு வரல. 1966ல சார்லஸ் காவோ கண்ணாடி இழைல தூரத்துக்கு சேதி அனுப்பலாம்னு எழுதினாரு, 1970ல கார்னிங்காரங்க லாஸ் கம்மியான ஃபைபர இழுத்துக் காட்டினாங்க, ஆனா 1977ல சிகாகோல தெருவுக்கடில போட்டு டெலிபோன் பேச்ச ஓட்டினது மல்டிமோடுலதான். பெரிய கோர், எல்இடி கூட வச்சு லைட்ட உள்ள தள்ளலாம், கொஞ்சம் கோணலா ஒட்டினாலும் ஓடும். அப்புறம் லேசரும் ஒட்டுற மெஷினும் தேறினதும் தூரத்து வேலை முழுக்க சிங்கிள் மோடு கைக்குப் போயிடுச்சு. கிலோமீட்டருக்கு 1550 நானோமீட்டர்ல 0.2 டிபிதான் போகுது, மல்டிமோடுல 850ல கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 3 டிபி. இப்போ மல்டிமோடு இருக்கறது கட்டடத்துக்குள்ள, டேட்டா சென்டர்ல, பழைய காலேஜ் லேப்ல.

சரி, மோடுன்னா என்ன. கோருக்குள்ள லைட் இஷ்டத்துக்கு எல்லா கோணத்துலயும் போகாது, அலைங்கறதால சில குறிப்பிட்ட வடிவங்கள்ல மட்டும்தான் கலையாம போக முடியும். அந்த வடிவம் ஒவ்வொண்ணும் ஒரு மோடு. கோரோட ஆரம், லைட்ட வாங்கற கோணத்தச் சொல்ற எண், அலைநீளம் இந்த மூணையும் போட்டு வி-நம்பர்னு ஒண்ணு கணக்குப் பண்ணுவாங்க, அது 2.405க்கு கீழ இருந்தா ஒரே ஒரு மோடு, மேல போகப் போக எண்ணிக்கை ஏறிட்டே போகும். 50 மைக்ரான் ஃபைபர்ல 850 நானோமீட்டர்ல கணக்குப் போட்டா 340 மோடு கிட்ட வரும், 62.5ல ஆயிரத்தத் தொடும். அதே 50 மைக்ரான்ல 1310 விட்டா 140தான். நம்ம சிங்கிள் மோடு ஃபைபர் கூட எப்பவும் சிங்கிள் இல்ல, 1260 நானோமீட்டருக்கு மேலதான் அதுக்கு அந்தப் பேரு பொருந்தும், 850 லைட்ட உள்ள விட்டா அதுவும் ஒண்ணுக்கு மேல மோடு ஓட்டும். பேரு ஃபைபருக்கு வச்சது, குணம் ஃபைபரும் அலைநீளமும் சேர்ந்தது. லிங்க் வேலை செய்யாததுக்கு காரணம் தேடறப்ப இத பல பேரு மறந்துடறாங்க.

மோடு ஒவ்வொண்ணும் ஒவ்வொரு வேகத்துல போகும். விடிகாலைல கம்பத்துல இருந்து தோட்டத்துக்கு ஆள் ஏத்திட்டுக் கிளம்பற ஜீப்புங்க மாதிரி, எல்லாம் ஒரே நேரத்துல கிளம்பும், சிலது குமுளி வழி, சிலது கம்பம்மெட்டு வழி, போய்ச் சேர்ற நேரம் வேற வேற. ஒரு பல்ஸ் உள்ள போயி விரிஞ்சு போன பல்ஸா வெளிய வர்றதுக்கு இதான் காரணம், மல்டிமோடுல தூரம் போக முடியாததுக்கும் இதான் காரணம். இத சரி பண்ணத்தான் கோரோட நடுவுல ஒளிவிலகல் எண்ண அதிகமா வச்சு ஓரத்துக்குப் போகப் போக குறைக்கறாங்க, ஓரமா சுத்திப் போற லைட் வேகமா போயி நடுவுல போறதோட சேர்ந்துக்கும். கிரேடட் இண்டெக்ஸ்னு சொல்றது இதத்தான். முழுசா சரியாகாது, ஓரளவுக்கு சரியாகும்.

இப்போ ஒட்டுற விஷயத்துக்கு வருவோம். சிங்கிள் மோடுல இருந்து மல்டிமோடுக்கு லைட் போறப்ப 9 மைக்ரான் புள்ளி 50 மைக்ரான் வட்டத்துக்குள்ள விழுது, கோணமும் சின்னது, அதனால கிட்டத்தட்ட எதுவும் வீணாகாது. எதிர்த்திசைல கதையே வேற. பரப்பளவு கணக்குல 50 மைக்ரான்ல இருந்து 9 மைக்ரானுக்குப் போனா நூத்துல மூணு பங்குதான் உள்ள விழும், அதுவே 15 டிபி லாஸ். அதோட மல்டிமோடுல இருந்து வர்ற லைட் அகலமான கோணத்துல விரிஞ்சு வரும், சிங்கிள் மோடு அதுல பாதிக்கும் குறைவாத்தான் ஏத்துக்கும், அதுக்கு இன்னொரு 3, 4 டிபி. ஆக மொத்தம் 18, 19 டிபி. பிஓஎன் லைன்ல (ஒரே ஃபைபர பல வீட்டுக்குப் பிரிச்சுக் குடுக்கற இன்டர்நெட் லைன்) வீட்டுப் பெட்டி மைனஸ் 27 டிபிஎம் (லைட் பவரோட அளவு) வரைக்கும்தான் தாங்கும், இதுல 18ஐ ஒரே ஒட்டுல தொலைச்சா லைன் முடிஞ்சுது.

லென்ஸ் வச்சு குவிச்சா என்னன்னு கேப்பாங்க. முடியாது. புள்ளியச் சின்னதாக்கினா கோணம் பெருசாகும், கோணத்தக் குறைச்சா புள்ளி பெருசாகும். ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம 340 மோடுல சிதறிக் கிடக்கற லைட்ட ஒரே மோடுக்குள்ள எந்த லென்ஸாலயும் அடக்க முடியாது, இது தெர்மோடைனமிக்ஸ் வரைக்கும் போற விதி. "ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம" அப்படிங்கறத மட்டும் மனசுல வச்சுக்கங்க, சென்சாருக்கான வழி அங்கதான் இருக்கு.

இது நிஜத்துல எப்படி மாட்டும்னா, ஒரு பழைய கட்டடம், உள்ள 62.5 மல்டிமோடு ஓடுது, வெளிய புதுசா சிங்கிள் மோடு இழுத்தாச்சு, நடுவுல ஒரு வகைய இன்னொரு வகைக்கு மாத்திக் குடுக்கற மீடியா கன்வர்ட்டர் பெட்டி வாங்க காசு தர மனசில்ல, நேரா ஒட்டிட்டாங்க. போற ஃபைபர் ஓடும், வர்ற ஃபைபர் ஓடாது, ஒரு முனைல லிங்க் லைட் பச்சையா எரியும், இன்னொரு முனைல இருட்டு. ரெண்டு பக்கமும் ஆள் நின்னு போன்ல "எனக்கு வருது, உனக்கு வரலயா"ன்னு கத்திட்டிருப்பாங்க. மலைல சிக்னல் கட்டாகிக் கட்டாகி அந்தப் பேச்சே ஒரு மணி நேரம் ஓடும்.

சிங்கிள்ல இருந்து மல்டிக்கு நல்லா போகும்னு சொன்னேன்ல, அதுலயும் ஒரு சிக்கல் உண்டு. 1998ல கிகாபிட் ஈதர்நெட் வந்தப்ப 1310 லேசர மல்டிமோடுலயும் ஓட்டலாம்னு வச்சாங்க, 550 மீட்டர் வரைக்கும். அப்போ புழக்கத்துல இருந்த மல்டிமோடு ஃபைபர் நிறையவற்றுல தயாரிக்கற முறையால கோரோட நட்ட நடுவுல ஒளிவிலகல் எண் கொஞ்சம் பள்ளமாயிடும். எல்இடி கோர் முழுக்க நிரப்பறதால அந்தப் பள்ளம் தெரியல, லேசர் புள்ளி நட்ட நடுவுல போயி விழுந்ததும் சில மோடு முந்தி சில மோடு பிந்தி, பிட்டெல்லாம் குழம்பிடுச்சு. அதுக்கு கண்டுபிடிச்ச வைத்தியம்தான் மோட் கண்டிஷனிங் பேட்ச் கார்டு. சிங்கிள் மோட மல்டிமோடோட வேணும்னே நடுவ விட்டுத் தள்ளி ஒட்டுவாங்க, 62.5க்கு 20 மைக்ரான் கிட்ட, 50க்கு 13 மைக்ரான் கிட்ட. லைட் பள்ளத்தத் தொடாம ஓரமா வளையம் மாதிரி சுத்திப் போகும். ஒரு கால் மஞ்சளா, மீதி ஆரஞ்சா இருக்கற விசித்திரமான பேட்ச் கார்ட பழைய ரேக்ல பார்த்தா தூக்கிப் போடாதீங்க, யாரோ விவரமா வச்சிருக்காங்க.

இனி சென்சாருக்கு வருவோம். ஒரு சிங்கிள் மோடு, நடுவுல சில சென்டிமீட்டர் மல்டிமோடு, திரும்ப ஒரு சிங்கிள் மோடு. இதுக்கு எஸ்எம்எஸ் அமைப்புன்னே பேரு. நம்ம கணக்குப்படி ரெண்டாவது ஒட்டுல 18 டிபி போகணும். போகாது, ஏன்னா இங்க மோடெல்லாம் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமில்லாம இல்ல. முதல் சிங்கிள் மோடு நட்ட நடுவுல வட்டமான ஒரே புள்ளியா லைட்ட விடுது, அதனால மல்டிமோடுல இருக்கற நூத்துக்கணக்கான மோடுல வட்ட சமச்சீரா இருக்கற சிலது மட்டும்தான் எழும்பும், எல்லாம் ஒரே கணத்துல ஒரே ஃபேஸ்ல (அலையோட ஏற்ற இறக்கம் ஒத்துப்போயி) கிளம்பும். போகப் போக வேகம் மாறுறதால ஃபேஸ் விலகும், குறுக்கிடும், கோருக்குள்ள வெளிச்சம் வளையமா புள்ளியா மாறி மாறி வடிவம் எடுக்கும். ஒரு குறிப்பிட்ட தூரத்துல எல்லா ஃபேஸும் திரும்ப ஒண்ணு சேர்ந்து, உள்ள வந்த அதே 9 மைக்ரான் புள்ளி அப்படியே திரும்ப உருவாகும். அந்த இடத்துல வெட்டி சிங்கிள் மோட ஒட்டினா லைட் கிட்டத்தட்ட முழுசா ஏறிடும். கொஞ்சம் முன்ன பின்ன இருந்தா ஏறாது.

அந்த தூரத்த கையாலயே கணக்குப் போடலாம். கோரே இல்லாத வெறும் 125 மைக்ரான் கண்ணாடி இழைய நடுத்துண்டா வச்சுக்கங்க, ஒளிவிலகல் எண் 1.444, அலைநீளம் 1.55 மைக்ரான். விட்டத்த விட்டத்தால பெருக்கி, ஒளிவிலகல் எண்ணால பெருக்கி, நாலால பெருக்கி, அலைநீளத்தால வகுத்தா 58 மில்லிமீட்டர் சில்லறை வரும். 105 மைக்ரான் கோர் இருக்கற ஸ்டெப் இண்டெக்ஸ் ஃபைபர்னா (கோர் முழுக்க ஒரே ஒளிவிலகல் எண்) 41 மில்லிமீட்டர் கிட்ட. இதையே திருப்பிப் படிச்சா நீளத்த வெட்டி முடிச்சாச்சுன்னா எந்த அலைநீளத்துல லைட் முழுசா ஏறும்னு அதுவே முடிவு பண்ணிடுது, மத்த அலைநீளத்துல குறையும். அதாவது ஆறு சென்டிமீட்டர் கண்ணாடித் துண்டே ஒரு ஃபில்டர் ஆயிடுச்சு.

இப்போ அந்தத் துண்டு சூடானா ஒளிவிலகல் எண் மாறும், இழுத்தா நீளம் கூடி விட்டம் குறையும், வளைச்சா மோடுங்க ஒண்ணுக்குள்ள ஒண்ணு கலக்கும். எது நடந்தாலும் அந்த உச்ச அலைநீளம் நகரும். ஒரு டிகிரி செல்சியஸுக்கு 10 பிகோமீட்டர் அளவுல நகரும், ஒரு மீட்டர் இழைய ஒரு மைக்ரான் இழுக்கற அளவு இழுவிசைக்கு 2 பிகோமீட்டர் கிட்ட நகரும். பிகோமீட்டர்னா நானோமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்கு. ஃபைபர் பிராக் கிரேட்டிங்னு இன்னொரு சென்சார் உண்டு, பாலம், கட்டடம்லாம் கண்காணிக்க அதிகமா புழங்கறது அதுதான். அதுவும் டிகிரிக்கு 10 பிகோமீட்டர்தான், ஆனா இழுத்தா அது நீள அலை பக்கமா நகரும், எஸ்எம்எஸ் எதிர்ப்பக்கமா நகரும். இது சாதாரண விஷயம் மாதிரி தெரியும், ஆனா ஃபைபர் சென்சார் ஆளுங்களுக்கு தீராத தலைவலியே, நகர்ந்தது சூட்டாலயா இழுவையாலயான்னு பிரிக்க முடியாததுதான். ரெண்டையும் வரிசையா ஒரே இழைல வச்சுட்டா சூட்டுக்கு ரெண்டும் ஒரே பக்கம், இழுவைக்கு எதிரெதிர் பக்கம், ரெண்டு சமன்பாடு ரெண்டு விடை, பிரிச்சுடலாம்.

கோர் இல்லாத துண்டுக்கு இன்னொரு குணம் உண்டு. அதுக்கு கிளாடிங் (கோர சுத்தி இருந்து லைட்ட உள்ளயே அடக்கி வைக்கற கண்ணாடி) கிடையாது, சுத்தி இருக்கற காத்தோ தண்ணியோதான் கிளாடிங். அதனால அத ஒரு திரவத்துல முக்கினா திரவத்தோட ஒளிவிலகல் எண்ணுக்கு ஏத்த மாதிரி நிறமாலை நகரும். வெறும் தண்ணி 1.333, நூத்துக்கு இருபது சர்க்கரை கரைஞ்சது 1.364, இந்த வித்தியாசம் அதுக்கு தாராளம். உடனே கம்பம் பன்னீர் திராட்சைக்கு இனிப்பு அளக்கலாமேன்னு தோணும். அளக்கலாம், ஆனா அதுக்கு கைல புடிக்கற ரிஃப்ராக்டோமீட்டர் இருக்கு, ரெண்டு சொட்டு சாறு விட்டு கண்ண வச்சுப் பார்த்தா முடிஞ்சுது. ஆராய்ச்சிக் கட்டுரைல பாதி இந்த மாதிரிதான், ஏற்கனவே சுலபமா நடக்கற வேலைய ஃபைபர்ல கஷ்டப்பட்டு செஞ்சு காட்டுவாங்க. ஃபைபருக்கு நிஜமா வேலை இருக்கற இடம் மின்சாரம் போக முடியாத இடம், டிரான்ஸ்ஃபார்மர் சுருளுக்குள்ள சூடு பார்க்கறது, இடி மின்னல் விழுற மலைச்சரிவுல செம்புக் கம்பி நிக்காத இடம், ஒடம்புக்குள்ள போற ஊசி. கண்ணாடில கரண்ட் ஓடாது, பக்கத்துல எத்தன கிலோவோல்ட் இருந்தாலும் அதுக்கு கவலை இல்ல.

செலவும் பேசணும். நடுத்துண்டு கண்ணாடிக்கு பெருசா காசில்ல, ஒட்டுறதுக்கு இருக்கற மெஷினே போதும். ஆனா பிகோமீட்டர் நகர்வப் படிக்கற கருவி லட்சக்கணக்குல வரும். இத தவிர்க்க ஒரு குறுக்கு வழி, நிறமாலைல சரிவா இருக்கற இடத்துல ஒரே அலைநீளத்துல லேசர நிறுத்திட்டு பவர் மீட்டர் மட்டும் பார்க்கறது. உச்சம் நகர்ந்தா அந்த இடத்துல பவர் ஏறும் இறங்கும். விலை சல்லிசு, ஆனா லேசரே கொஞ்சம் மங்கினாலும், கனெக்டர்ல தூசி ஒட்டினாலும் அதையும் சூடுன்னு காட்டும். ஆறு மாசம் ஆள் போகாம மலைல விட்டு வைக்க இது லாயக்கில்லன்னுதான் நான் நினைக்கறேன். அதிர்வு மாதிரி வேகமா மாறுற விஷயத்துக்கு சரி, அங்க மெதுவா ஏறி இறங்கறத கழிச்சுடலாம்.

மல்டிமோடு துண்டு நீளமாயிட்டா, லைட்டும் லேசர் லைட்டா இருந்தா, முனைல வெள்ளத் தாள வச்சுப் பார்த்தா சீரான வட்டம் தெரியாது, பொட்டுப் பொட்டா ஒரு கோலம் தெரியும், ஃபைபர தொட்டாலே அது நடுங்கும். ஸ்பெக்கிள்னு பேரு. அந்தப் பக்கம் சரியில்லாத கனெக்டரோ சிங்கிள் மோடோ இருந்தா கோலத்துல எந்தப் பொட்டு உள்ள விழுதோ அதுக்கேத்த மாதிரி சிக்னல் ஆடும். 1978ல எப்வொர்த்னு ஒரு எஞ்சினியர் இதுக்கு மோடல் நாய்ஸ்னு பேர் வச்சு எச்சரிச்சாரு, அப்போ அது தகவல் தொடர்புக்கு தொல்லை. இப்போ அதே ஆட்டத்த ஒரு சின்ன கேமராவ வச்சுப் படம் புடிச்சு, முன்ன எடுத்த படத்தோட ஒப்பிட்டு, யாராவது மிதிச்சாங்களா, ஏதாவது அதிர்ந்துச்சான்னு பார்க்கறாங்க. எதிர்முனைல சிங்கிள் மோட ஒட்டிட்டா கேமரா கூட வேணாம், அந்த ஒரு பொட்டோட வெளிச்சம் மாறுறதே போதும்.

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் ஒரு இடத்துல அளக்கறது. கேபிள் நீளம் முழுக்க மீட்டர் மீட்டரா அளக்கறது இன்னொரு வகை, அங்கயும் ரெண்டு ஃபைபரும் தேவைப்படுது, ஆனா ஒட்டி இல்ல, பக்கத்துல பக்கத்துல. ஃபைபர் எங்க அறுந்துச்சுன்னு பார்க்கற ஓடிடிஆர் கருவி பல்ஸ் விட்டு திரும்பி வர்ற சிதறல் லைட்ட நேரத்த வச்சு தூரமா மாத்துதுல, அதே உத்திதான். திரும்பி வர்றதுல மூணு வகை உண்டு. அதே அலைநீளத்துல வர்றது ரேலே, அத வச்சு சத்தம் அதிர்வு கேக்கலாம். அதிர்வெண் 11 கிகாஹெர்ட்ஸ் கிட்ட நகர்ந்து வர்றது பிரில்லூவன், அந்த நகர்வு டிகிரிக்கு ஒரு மெகாஹெர்ட்ஸ் கிட்ட மாறும், இழுவைக்கும் மாறும். மூணாவது நம்ம திருவானைக்காவல்ல பொறந்த சி.வி. ராமன் 1928ல கண்டுபிடிச்சது, ரொம்ப தூரம் தள்ளி 100 நானோமீட்டர் கிட்ட நகர்ந்து ரெண்டு பக்கமும் வரும். அதுல குட்டை அலைநீளப் பக்கம் வர்ற லைட் சூட்டுக்கு டிகிரிக்கு 0.8 சதவீதம் கூடும், இழுவைக்கு கிட்டத்தட்ட கண்டுக்காது.

ராமன் சிதறல் ரொம்ப பலவீனம், ரேலேயோட ஒப்பிட்டாலே ஆயிரத்துல ஒரு பங்கு. அதனால நிறைய பவர் உள்ள தள்ளணும், திரும்பி வர்றத நிறைய அள்ளணும், ரெண்டுக்கும் பெரிய கோர்தான் தோது. சூடு அளக்கற கருவி பெரும்பாலும் மல்டிமோடு கேக்கறது இதனாலதான். பிரில்லூவனுக்கும் அதிர்வு கேக்கறதுக்கும் ஃபேஸும் அதிர்வெண்ணும் சுத்தமா இருக்கணும், பல மோடு கலந்தா அளவு கெட்டுடும், அதனால சிங்கிள் மோடு. ஒரே கேபிள் உறைக்குள்ள ரெண்டையும் போட்டு இறக்கினா மல்டிமோடு சூட்ட மட்டும் சொல்லும், சிங்கிள் மோடு சூடும் இழுவையும் கலந்து சொல்லும், முதல்ல இருக்கறத ரெண்டாவதுல கழிச்சா இழுவை தனியா கைல வரும். எண்ணெய்க் கிணறுகள்ல இந்த மாதிரி கலப்புக் கேபிள் இறக்கறது வழக்கம்.

நம்ம பக்கத்துக்கு இது ஏன் முக்கியம்னா மண்ணும் தண்ணியும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி மூணாறு பக்கம் பெட்டிமுடில மலை சரிஞ்சு லயத்துல தூங்கிட்டிருந்த 70 பேர் போயிட்டாங்க, பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கதான். சரியப் போற மண்ணு சில இடத்துல முன்னாடியே மில்லிமீட்டர் கணக்குல நகர ஆரம்பிக்கும். சரிவுக்குக் குறுக்க பள்ளம் வெட்டி கேபிள புதைச்சா அந்த நகர்வு இழுவையாத் தெரியும், எந்த மீட்டர்லன்னும் தெரியும். ஆனா கேபிள் மண்ணோட இறுக்கிப் புடிச்சிருக்கணும். நாம இன்டர்நெட்டுக்குப் போடற கேபிள்ல ஃபைபர் குழாய்க்குள்ள ஜெல்லுல லூஸா மிதக்கும், இழுவை படக் கூடாதுன்னே அப்படி செய்யறாங்க. அதனால ரோட்டோரம் ஏற்கனவே கிடக்கற கேபிள்லயே நிலச்சரிவு பார்த்துடலாம்னு சொன்னா இழுவை விஷயத்துல நம்ப மாட்டேன், அதிர்வு கேக்கறதுக்கு வேணா ஓரளவுக்கு உதவும். பெட்டிமுடி மாதிரி ஒரு ராத்திரி கொட்டற மழைல நிமிஷத்துல இறங்கற சரிவுக்கு எந்த கேபிளும் எவ்வளவு நேரம் தரும்ங்கறது தனிக் கேள்வி, மெதுவா நகர்ற சரிவுக்குத்தான் இது கருவி.

அணைன்னு வாயத் திறந்தாலே இங்க ரெண்டு பக்கமும் காத நீட்டுவாங்க, அந்த அரசியலுக்குள்ள போகல. கல்லு சுண்ணாம்பு சுர்க்கி வச்சுக் கட்டின அணை வேற, மண் அணை வேற. மண் அணைக்கு உலகத்துல பல இடத்துல மல்டிமோடு கேபிள கரைக்கடில புதைச்சு கசிவு பார்க்கறாங்க. நீர்த்தேக்கத்து தண்ணியோட சூடும் மண்ணோட சூடும் ஒண்ணா இருக்காது, கசியற இடத்துல கேபிள் வேற சூடு காட்டும். ரெண்டும் ஒரே சூடா இருக்கற காலத்துல கேபிளுக்குள்ள இருக்கற செம்புக் கம்பில கரண்ட் விட்டு லேசா சூடாக்குவாங்க, தண்ணி ஓடற இடம் மட்டும் சீக்கிரம் ஆறிடும்.

கடைசியா, ரெண்டையும் ஒரே இழைக்குள்ளயே வைக்கறது. நடுவுல 9 மைக்ரான் சிங்கிள் மோடு கோர், அத சுத்தி 105 மைக்ரான் உள் கிளாடிங், அதுவே ஒரு மல்டிமோடு கோர் மாதிரி லைட் ஓட்டும், அதுக்கு வெளிய இன்னொரு கிளாடிங். டபுள் கிளாட் ஃபைபர்னு பேரு. கோயம்புத்தூர் பட்டறைகள்ல தகடு வெட்டற ஃபைபர் லேசர் இந்த குடும்பம்தான். மல்டிமோடு டயோடுல இருந்து வர்ற முரட்டு லைட்ட உள் கிளாடிங்ல கொட்டுவாங்க, அது போகப் போக நடுக் கோர்ல இருக்கற யிட்டர்பியத்துல உறிஞ்சப்பட்டு, அங்க இருந்து ஒரே மோடுல கூர்மையான லேசரா வெளிய வரும். முன்ன சொன்னேனே, 340 மோட ஒண்ணுல அடக்க முடியாதுன்னு, இங்க அடக்கல. அணு உறிஞ்சி வேற அலைநீளத்துல திரும்ப விடுது, நடுவுல கொஞ்சம் சூடாவும் போகுது, விதி மீறல் இல்ல. உள் கிளாடிங்க முழு வட்டமா செஞ்சா சில மோடு கோர தொடாமலே சுத்திச் சுத்திப் போயிடும்னு அத ஆறுகோணமாவோ டி (D) எழுத்து மாதிரி ஒரு பக்கம் சீவினதாவோ செய்வாங்க.

ஒடம்புக்குள்ள பார்க்கற ஸ்கோப்லயும் இதே ஃபைபர். போறப்ப நடுக் கோர் வழியா கூர்மையான ஒரே புள்ளியா லைட் போயி திசுவுல விழும், அங்க இருந்து நாலாபக்கமும் சிதறி வர்ற மங்கல் லைட்ட அகலமான உள் கிளாடிங் அள்ளிட்டு வரும். சின்னதுல விடறது, பெருசுல வாங்கறது. நம்ம லிங்க ஒரு பக்கம் மட்டும் எரிய வச்ச அதே ஒருதலைத்தனத்தத்தான் இங்க சாதகமா வச்சுக்கறாங்க.

வானியல்காரங்களுக்கு நேர்மாறான தேவை. டெலஸ்கோப் குவிக்கற நட்சத்திர வெளிச்சம் காத்து கலக்கறதால மல்டிமோடுலதான் ஒழுங்கா விழும், ஆனா வேண்டாத அலைநீளத்த நீக்கற அவங்க வடிகட்டி சிங்கிள் மோடுலதான் வேலை செய்யும். 2005ல லியோன்-சவால், பர்க்ஸ், பிளாண்ட்-ஹாதார்ன் இவங்கள்லாம் சேர்ந்து போட்டோனிக் லான்டர்ன்னு ஒண்ணு செஞ்சாங்க. ஒரு மல்டிமோட மெதுவா பிரிச்சு நிறைய சிங்கிள் மோடா ஆக்கறது. மோடு எத்தனையோ அத்தன சிங்கிள் மோடு இருந்தா லாஸ் இல்லாம பிரியும், ஒண்ணு குறைஞ்சாலும் அதுக்கான பங்கு வீணாப் போகும்.

கைல மெஷின் இருக்கறவங்க இத வீட்டுலயே ஒரு தடவ பார்க்கலாம். கஸ்டமர் லைன்ல வேணாம், பழைய மஞ்சள் பிக்டெயில் (ஒரு முனைல மட்டும் கனெக்டர் இருக்கற துண்டு) ரெண்டு, நடுவுல ஆரஞ்சு பேட்ச் கார்டுல இருந்து உரிச்ச 50 மைக்ரான் துண்டு ஒரு சாண் நீளம் போதும். கிரேடட் இண்டெக்ஸ்ல அந்தப் புள்ளி கிட்டத்தட்ட அரை மில்லிமீட்டருக்கு ஒரு தடவ திரும்ப உருவாகிட்டே இருக்கும், அதனால வெட்டற நீளம் பத்தி ரொம்ப அலட்டிக்க வேணாம். ஒரு பக்கம் லைட் சோர்ஸ், ஒரு பக்கம் பவர் மீட்டர், முனைய கண்ணு பக்கம் கொண்டு போகாதீங்க. துண்ட மேஜை மேல டேப் போட்டு ஒட்டி 1310லயும் 1550லயும் ரீடிங் எழுதி வச்சுக்கங்க. அப்புறம் டேப்ப எடுத்துட்டு மெதுவா வளைச்சுப் பாருங்க. மீட்டர் இறங்கும், சில இடத்துல திரும்ப ஏறும், 1310 இறங்கற அதே வளைவுல 1550 ஏறினாலும் ஆச்சரியப்படாதீங்க. சாதாரண வளைவு லாஸ்னா இறங்க மட்டும்தான் செய்யும்.